பிள்ளையின் கண்ணில் அடிபட்டால்...
உடனே செய்ய வேண்டியது என்ன? செய்யக் கூடாதது என்ன?

பிரான்சு நாட்டில் கூப்வ்ரே என்று ஓர் ஊர். அங்கே குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். 1812-ம் ஆண்டில் அவருடைய 3 வயது மகன், பட்டறையில் கிடந்த கூரான கருவியை எடுத்து விளையாடினான். அது நழுவிக் கண்ணில் குத்திவிட்டது!

காயம் ஒரு கண்ணில்தான். ஆனால் நோய் மறு கண்ணுக்கும் பரவியது. 5 வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. பார்வையற்றோர் தடவிப் படிக்கும் எழுத்தைப் பிற்காலத்தில் உருவாக்கிய லூயி பிரெயில்தான் அந்தச் சிறுவன்.

கிருமியைக் கொல்லும் மருந்தும், வலி தெரியாமல் ஆபரேஷன் செய்யும் வசதியும் அன்று இல்லை. இன்று இருக்கின்றன. ஆனாலும் முதல் சில நிமிடங்களில் பெற்றோர் செய்வதைப் பொறுத்தே பல பிள்ளைகளின் பார்வை நிலைக்கிறது.

சுண்ணாம்பு தெறித்தால்

வெற்றிலைக்கு வாங்கி வைத்த சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிள்ளைகள் பிதுக்கி விளையாடுவது உண்டு. அது பீறிட்டுக் கண்ணில் பாயும். திராவகத்தைவிடச் சுண்ணாம்பு பொல்லாதது! கண்ணை அரித்துக்கொண்டு ஆழமாக இறங்கும்.

இதற்கு முதல் மருந்து தண்ணீர். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமையை விரித்துப் பிடித்து, நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். பிள்ளை அலறினாலும் அரை மணி நேரம் ஊற்ற வேண்டும். பிறகு உடனே ஆஸ்பத்திரி. இமைக்குள் ஒட்டிய துணுக்குகளை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

குத்துக் காயம் என்றால்

கிட்டிப்புள், பென்சில், கத்தரிக்கோல் குத்திவிட்டால் முறையே வேறு. கழுவக் கூடாது. கசக்கக் கூடாது. அழுத்திக் கட்டவும் கூடாது. குத்திய பொருள் கண்ணில் நின்றால் பிடுங்கவே கூடாது! காகித டம்ளரைக் கண்ணில் படாமல் மூடினாற்போல் வைத்து, ஓரத்தை ஒட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அழுகிறதே என்று பாலோ பிஸ்கட்டோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் குழந்தையின் கண்ணில் தையல் போடுவார்கள். வயிறு நிறைந்திருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சை அடைக்கலாம்.

பட்டாசோ பந்தோ பலமாகப் பட்டால், வெளியே காயம் தெரியாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். அதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தாய்ப்பால் பீய்ச்சுவது, எண்ணெய் விடுவது, நாக்கால் துழாவுவது எல்லாம் கிருமியைக் கண்ணுக்குள் அனுப்பும் வேலை.

திட்டாதீர்கள்!

அடிக்குப் பயந்து பிள்ளைகள் காயத்தை மறைப்பார்கள். இரண்டு நாள் கழித்துக் கண் சிவந்து வீங்கிய பிறகே விஷயம் வெளியே வரும். அதற்குள் சீழ் பிடித்துவிடலாம். "கண்ணில் எது பட்டாலும் உடனே சொல், அடிக்க மாட்டேன்" என்று இன்றே உங்கள் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.