திரை யாருக்கு?

இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களுக்குள், புதுக்கோட்டை மகாராஜா கலாசாலையில் ஒரு விநோதமான காட்சியைக் காணலாம். வகுப்பு நிறைய ஆண் மாணாக்கர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பக்கத்தில் திரை தொங்கும். திரைக்கு அப்பால் ஒரே ஒரு பெண் உட்கார்ந்து பாடம் கேட்பாள். 'ஒரு பெண்ணைச் சேர்த்தால் பையன்களின் ஒழுக்கம் என்ன ஆவது?' என்று அக்காலத்தில் பலமான ஆட்சேபம் கிளம்பியது. மகாராஜா அந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டுப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். அன்று திரை மறைவில் படித்த பெண்தான், 1912-ம் வருஷத்தில் சென்னை வைத்தியக் கலாசாலையில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

இதில் ஒரு விசேஷத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். கெட்டுப்போகும் என்று பயந்தது பையன்களின் ஒழுக்கம். ஆனால் திரையைக் கட்டியதோ பெண்ணைச் சுற்றி! கண் வலிக்கிறவனை விட்டுவிட்டு விளக்கின்மேல் துணியைப் போட்ட கதைதான்.

அந்தத் திரை கிழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இன்று நம் ராஜ்யத்தில் பல கலாசாலைகளில் பெண்கள் முன் வரிசையில் உட்கார்ந்து படிக்கிறார்கள், பரிசும் வாங்குகிறார்கள். ஆயினும் திரை முற்றிலும் போய்விட்டது என்று நாம் நினைத்திருந்தது தவறு என்பதைச் சென்ற பொங்கல் விடுமுறையில்தான் தெரிந்துகொண்டோம்.

ஆறிப்போன காபி

நம்மிடம் மூன்று வருஷம் படித்த மாணவி ஒருத்தி அன்று வீட்டுக்கு வந்தாள். கணக்கில் கெட்டிக்காரி, கேள்வி கேட்டுக் கேட்டு நம் பிராணனை வாங்கியவள். இப்போது வெளியூரில் ஒரு கலாசாலையில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். காபி கொடுத்தோம். அது ஆறிப் போகும் வரையில் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "படிப்பை நிறுத்திவிடலாமென்று இருக்கிறேன், டீச்சர்" என்றாள்.

மெல்ல மெல்ல விஷயம் வெளிவந்தது. ரிக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுவதற்கு, எல்லோரும் போன பிறகு தனியாக வரச் சொல்லுகிறார் ஓர் ஆசிரியர். போனால், வேண்டாத பேச்சு, தோளின்மேல் கை. நடு ராத்திரியில் கைபேசியில் செய்திகள். பதில் எழுதாவிட்டால் மறுநாள் வகுப்பில் நாலு பேர் முன்னிலையில் குத்தல் மொழி. இண்டர்னல் மார்க்கு அவர் கையில் இருக்கிறது என்பதையும் அவர் அவ்வப்போது ஞாபகப்படுத்தி வருகிறார்.

இருபது வருஷத்துக்கு மேலாகப் பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் நமக்கு, இதைக் கேட்டதும் என்ன சொல்லத் தோன்றியது, தெரியுமா? "நீ ஏன் அம்மா தனியாகப் போனாய்?" என்று கேட்டோம்!

பெண்ணின் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "பஸ்ஸுக்கு நேரமாகிறது, டீச்சர்" என்று எழுந்துவிட்டாள். அப்பொழுதுதான் நாம் செய்த பிசகு நமக்கு உறைத்தது. வாசற்படி வரையில் பின்னால் போய், "நான் கேட்டது தப்பு. உட்கார். நீ சொல்லு, நான் கேட்கிறேன்" என்று அழைத்து வந்தோம். "அப்பாவிடம் சொன்னாயா?" என்று விசாரித்தபோது அவள் சொன்ன பதிலை மறக்க முடியவில்லை: "சொன்னால் மறுநாளே, 'படித்தது போதும், வீட்டுக்கு வா' என்பார். அந்த ஸாருக்கு ஒன்றும் ஆகாது. என் படிப்புத்தான் போகும்."

இதோ அந்தப் பழைய திரை! அதை இப்போது கலாசாலை கட்டவில்லை. நாமே நம் வீட்டில் நெய்து வைத்திருக்கிறோம்.

ஒரு கிராமத்துப் பெண்ணின் கடன்

இத்தகைய குற்றத்தைக் கேட்பாரில்லை என்று நினைப்பது சரியன்று. கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. அது பிறந்த விதத்தைப் படித்த குடும்பங்கள் அவசியம் அறிய வேண்டும்.

ராஜஸ்தானத்தில் பட்டேரி என்பது ஒரு சிறு கிராமம். பன்வாரி தேவி என்ற குயவர் குலப் பெண்மணி, அந்த ராஜ்ய சர்க்காரின் பெண்கள் முன்னேற்றத் திட்டத்தில் ஊழியம் செய்து வந்தார். தம் கடமையை எண்ணி ஒரு குழந்தைக் கலியாணத்தைத் தடுக்க முயன்றார். 1992-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அவர் பலாத்காரத்துக்கு ஆளானார். வாயை மூடிக்கொண்டிராமல் புகார் செய்தார். 1995-ல் கீழ்க் கோர்ட்டு பலாத்காரக் குற்றச்சாட்டிலிருந்து எதிரிகளை விடுதலை செய்துவிட்டது. அவருக்கு ஏற்பட்ட கொடுமை பெண்கள் சங்கங்களைத் தட்டி எழுப்பிற்று. 'விசாகா' முதலிய சங்கங்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்று, வேலை செய்யும் இடத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டன.

1997-ம் வருஷம் ஆகஸ்டு 13-ந் தேதி, பிரதம நீதிபதி ஜே. எஸ். வர்மா, நீதிபதிகள் சுஜாதா மனோகர், பி. என். கிர்பால் ஆகிய மூவரும் தீர்ப்பளித்தார்கள். பார்லிமெண்டு சட்டம் இயற்றும் வரையில் தாங்கள் வகுக்கும் விதிகளே சட்டமாக இருக்கும் என்றார்கள். பார்லிமெண்டு சட்டம் இயற்றியது 2013-ல். அது அமுலுக்கு வந்தது அதே வருஷம் டிசம்பர் 9-ந் தேதி. பதினாறு வருஷம்! நீதி மெதுவாக நடக்கும் என்பார்கள். சில சமயம் உட்கார்ந்தே விடுகிறது. ஆனாலும் எழுத்து வாசனை அதிகமில்லாத ஒரு கிராமத்து மாது வாய் திறந்ததன் பலனை, இன்று பட்டப் படிப்புப் படிக்கும் நம் பெண்கள் அனுபவிக்கிறார்கள்.

கலாசாலையில் யாரிடம் சொல்லுவது?

2013-ம் வருஷத்துச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் கமிட்டி ஒன்று இருந்தாக வேண்டும். அதன் தலைமை பெண்ணிடம் இருக்க வேண்டும். அங்கத்தினரில் பாதிப் பேருக்குக் குறையாமல் பெண்களாக இருக்க வேண்டும். வெளியார் ஒருவரும் இருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ம் வருஷத்து விதிகள் இதைக் கலாசாலைகளுக்கென்று இன்னும் விரிவாக்கின. மாணாக்கர் சம்பந்தப்பட்ட விஷயமானால், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணாக்கப் பிரதிநிதிகளும் கமிட்டியில் உட்காருவார்கள். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற பெரிய பதவியிலிருப்போர் அதில் அங்கத்தினராகக் கூடாது. அதிகாரத்தில் இருப்பவரின் நிழல் விசாரணையில் விழக் கூடாதல்லவா?

புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுத முடியாதவருக்குக் கமிட்டியாரே உதவ வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் கொடுப்பது அவசியம். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் வரை கமிட்டி அவகாசம் கொடுக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். புகார் செய்தவர், எதிரி, சாட்சி எவருடைய பெயரையும் வெளியிடக் கூடாது. விசாரணை நடக்கும்போது, எதிரியான ஆசிரியர் அந்த மாணவியின் பரீட்சைத் தாளைத் திருத்தவோ, வேலையை மதிப்பிடவோ கூடாதென்று தடுக்கவும் இடமிருக்கிறது. நம் மாணவியிடம் இதைச் சொன்னபோதுதான் அவள் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தாள்.

'ருசு இல்லாவிட்டால் பொய்ப் புகார் என்று நம்மையே தண்டிப்பார்களே?' என்று பலர் அஞ்சுகிறார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னவருக்குத் தண்டனை உண்டு. ஆனால் ருசுப்படுத்த முடியாமற்போனதே பொய்யாகிவிடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்லுகிறது.

இந்தக் கமிட்டிக்குப் போவதனால் போலீஸுக்குப் போகும் வழி அடைபட்டுவிடாது. பெண்கள் உதவிக்கு 181 என்ற டெலிபோன் எண்ணும் இருக்கிறது. இன்னொன்று முக்கியம்: கலாசாலையில் முதல் வருஷம் படிக்கும் பலருக்கு 18 வயது நிறைந்திராது. அவர்களுக்கு நேர்ந்த குற்றத்தைக் குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ம் வருஷத்துப் போக்ஸோ சட்டம் பார்த்துக்கொள்ளுகிறது. அத்தகைய குற்றம் தெரிந்தவர் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 'கலாசாலையின் பெயர் கெடும்' என்று மறைப்பது அங்கே குற்றமாகிவிடும்.

அவசரமும் கூடாது

மறைப்பது எப்படித் தீங்கோ, அப்படியே அவசரக் கோலமும் தீங்கு. கோவாப் பல்கலைக்கழகத்தில் 2009-ம் வருஷம் மாணவிகள் ஒரு துறைத் தலைவர்மீது புகார் செய்தார்கள். கமிட்டி மிக வேகமாக விசாரித்து முடித்தது. அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்; 2012-ல் பம்பாய் ஹைகோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் 2023-ம் வருஷம் மே 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, எதிர்வாதம் செய்யச் சரியான சந்தர்ப்பம் அவருக்கு அளிக்கப்படவில்லை என்று கூறி, விசாரணையை மீண்டும் கமிட்டிக்கே அனுப்பிற்று. பதினாலு வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் ஆரம்பம்! அதனால் நஷ்டம் யாருக்கு? குற்றம் சாட்டப்பட்டவருக்கும் முடிவு தெரியவில்லை. புகார் செய்த மாணவிகளுக்கும் முடிவு தெரியவில்லை. நாடெங்கும் இத்தகைய கமிட்டிகள் முறைப்படி அமைந்திருக்கின்றனவா என்று சர்க்கார்கள் சோதிக்க வேண்டுமென்றும் அதே தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நியாயமான விசாரணை எதிரிக்குக் காட்டும் சலுகையன்று. புகார் செய்தவளுக்குக் கிடைக்கும் முடிவு நிலைத்து நிற்பதற்கு அதுவே அஸ்திவாரம்.

விடுதிக் கதவு

பெண்ணைச் சுற்றித் திரை கட்டும் வழக்கம் வேறு ரூபங்களிலும் வருகிறது. எங்கேனும் ஒரு சம்பவம் நடந்துவிட்டால், உடனே பெண்கள் விடுதியின் கதவை ஒரு மணி முன்னதாகப் பூட்டுவார்கள். புத்தகசாலை திறந்திருக்கும், ஆண் மாணாக்கர்கள் இரவில் உட்கார்ந்து படிப்பார்கள், பெண்கள் மட்டும் பூட்டுக்குள். கேட்டால், 'உங்கள் பாதுகாப்புக்காகத்தான்' என்பார்கள். பாதுகாப்பைக் காரணமாகக் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதிக்கு விதிக்கக் கூடாதென்று மேற்சொன்ன 2015-ம் வருஷத்து விதிகளே கூறுகின்றன. தொல்லையும் பேதமும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள் என்பதை அந்த விதிகளை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். சாதியைச் சொல்லி இழிவு செய்வதும் அதே மரத்தின் மற்றொரு கிளை. தாழ்த்தப்பட்ட குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கலாசாலைக்கு வந்த பெண்ணுக்கு இரண்டு பாரமும் ஒரே தோளில் ஏறுகின்றன. அவள் வாய் திறப்பது இன்னும் கஷ்டம்.

முதற் செவி

ஆகவே, சட்டம் இருக்கிறது, கமிட்டி இருக்கிறது. ஆனால் பெண் முதலில் போய்ச் சொல்லுவது கமிட்டியிடமன்று. தாயிடம் சொல்லுவாள், அல்லது அக்காளிடம், தோழியிடம், பழைய ஆசிரியரிடம் சொல்லுவாள். அந்த முதற் செவி எப்படிக் கேட்கிறதோ, அதைப் பொறுத்தே இரண்டாவது வாசல் திறக்கும் அல்லது அடைபடும். சட்டத்தின் முதற் பக்கம் நம் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது.

பெற்றோர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பெண்ணைக் கலாசாலைக்கு அனுப்பும்போது பெட்டி, படுக்கை, ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுக்கிறோம். 'ஜாக்கிரதையாக இரு' என்று ஆயிரம் தடவை சொல்லுகிறோம். அதனோடு இன்னொன்றையும் சொல்லி அனுப்ப வேண்டும்: 'உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்களிடம் சொல்லு, சொன்னதற்காக உன் படிப்பை நிறுத்த மாட்டோம்.' இந்த வாக்குறுதி இல்லாத பெண், எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு பட்டம் வாங்குவாள். இல்லாவிட்டால் காரணம் சொல்லாமலே திரும்பி வருவாள். இரண்டுமே நமக்குத் தோல்வி.

பையன்களைப் பெற்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2015-ம் வருஷத்து விதிகள் ஆண் மாணாக்கர்களும் மூன்றாம் பாலினத்தவரும் இத்தகைய தொல்லைக்கு ஆளாவதுண்டு என்பதை ஒப்புக்கொள்ளுகின்றன. அவன் சொன்னாலும், சிரிக்காமல் கேட்க வேண்டும்.

நம் மாணவியின் கதையை முடிக்க வேண்டும். அன்று சாயங்காலம் வரையில் அவள் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தேதி வாரியாக எல்லாவற்றையும் எழுதினாள். கைபேசிச் செய்திகளை அழிக்காமல் பிரதி எடுத்து வைத்தாள். மறுநாள் நாமும் அவளோடு அவள் தகப்பனாரைப் பார்க்கப் போனோம். அவர் முதலில் கோபித்தார். பிறகு வெகு நேரம் பேசாமலிருந்தார். கடைசியில், "என்னிடம் ஏனம்மா சொல்லவில்லை?" என்று கேட்டார். "படிப்பை நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன், அப்பா" என்றாள். அவர் தலை குனிந்துவிட்டது.

கமிட்டியில் புகார் கொடுக்க அவரே உடன் போனார். வேறோர் ஆசிரியர் அவளுடைய நோட்டுகளைத் திருத்தும்படி ஏற்பாடாயிற்று. விசாரணை நடந்து வருகிறது. அதன் முடிவை நாம் முன்கூட்டிச் சொல்லுவது முறையன்று. ஆனால் ஒரு முடிவு தெரிந்துவிட்டது. பரீட்சைக்கு அவள் போனாள். முதல் நாள் கலாசாலை வாசல் வரையில் தகப்பனார் கொண்டுவிடப் போனாராம். இரண்டாம் நாள், "நானே போய்க்கொள்ளுகிறேன், அப்பா" என்று சொல்லிவிட்டாளாம்.