பழைய காரைப் புதுப்பிப்பதா, உருமாற்றுவதா? வீட்டு ஷெட்டில் முதல் போல்ட்டைக் கழற்றும் முன் அறிய வேண்டியவை

ஹைதராபாத்: தாத்தா வாங்கிய அம்பாசடர், தந்தை ஓட்டிய பத்மினி, எவரோ விட்டுச்சென்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என ஏதேனும் ஒரு பழைய கார், தார்ப்பாய் போர்த்தப்பட்டு வீட்டு முகப்பில் நிற்பதை நகரின் பழைய குடியிருப்புகளில் இன்றும் காணலாம். விற்க மனம் வராது, ஓட்டவும் இயலாது. விடுமுறை நாட்களில் ஸ்பேனருடன் அதன் அருகே அமர்ந்து, தானே அதைச் சீர்படுத்த முனைவோர் பலர் உள்ளனர். ஆனால், அந்த முயற்சியின் தொடக்கத்திலேயே எடுக்கப்பட வேண்டிய ஒரு முடிவு உள்ளது. காரை அது பிறந்த வடிவத்துக்கே மீட்டெடுப்பதா, அல்லது நம் விருப்பப்படி மாற்றியமைப்பதா என்பதே அது. இந்த முடிவைத் தள்ளிப்போட்டால், பல ஆண்டு உழைப்புக்குப் பின் உருவாகும் கார் சாலையில் ஓட உரிமையற்றதாகிவிடக் கூடும்.

பொறியாளர்களின் குடியிருப்பு:

ஹைதராபாத்தின் வடகிழக்கே அமைந்துள்ள ஏ.எஸ்.ராவ் நகர், எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா எனும் பொதுத்துறை நிறுவனத்தின் நிறுவனர் அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அணுசக்தித் துறையின் கீழ் 1967-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் ஊழியர்களுக்கான குடியிருப்பாகவே இப்பகுதி வளர்ந்தது. கருவியைக் கையாளத் தெரிந்தவர்கள் வாழ்ந்த இத்தகைய பகுதிகளில், பழுதான ஒன்றைத் தூக்கியெறியாமல் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இயல்பானதே. பழைய காரைச் சீரமைக்கும் பொழுதுபோக்கும் அந்த வழக்கத்தின் நீட்சிதான்.

ஒரே நகரில் இரு பாதைகள்:

இந்தப் பொழுதுபோக்கின் இரு எல்லைகளையும் காண விரும்புவோர், ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து நகரின் மறுகோடிக்கு, மூசி ஆற்றைக் கடந்து செல்ல வேண்டும். சார்மினார் அருகேயுள்ள சௌமஹல்லா அரண்மனையில், நிஜாமுக்காக 1912-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட மஞ்சள் வண்ண ரோல்ஸ் ராய்ஸ் கார் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. நூறாண்டுகளைக் கடந்த பின்னும் தனது பழைய தோற்றத்திலேயே பேணப்படுவதுதான் அதன் பெருமை.

அங்கிருந்து சற்றுத் தொலைவில், பகதூர்புராவில், நேரு உயிரியல் பூங்கா அருகே 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுதா கார் அருங்காட்சியகம் உள்ளது. இது முற்றிலும் வேறொரு உலகம். கிரிக்கெட் மட்டை, காலணி, கணினி, பர்கர் போன்ற வடிவங்களில் ஓடும் கார்களைப் பழைய உதிரிப் பொருட்களைக் கொண்டு உருவாக்கியவர் கே.சுதாகர். பள்ளிப் பருவத்திலேயே இதில் ஈடுபடத் தொடங்கிய அவர், 12 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள மூன்று சக்கர சைக்கிளை உருவாக்கி 2005-ஆம் ஆண்டு கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தார்.

முன்னது மீட்டெடுத்தலுக்கும், பின்னது உருமாற்றத்துக்கும் சான்று. இரண்டும் மதிப்புக்குரிய கலைகளே. ஆனால், இரண்டுமே அருங்காட்சியகத்துக்குள் இருப்பவை. அதே வேலையை வீட்டில் செய்து, காரைச் சாலைக்குக் கொண்டுவர நினைக்கும்போதுதான் சட்டம் குறுக்கே வருகிறது.

50 ஆண்டுகளைக் கடந்தால் தனிப் பதிவு:

பழம்பெரும் வாகனங்களுக்கான தனிப் பதிவு முறையை மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம் 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அறிவித்தது. அதன்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இரு சக்கர மற்றும் நான்கு சக்கர வாகனங்கள் 'வின்டேஜ்' வாகனங்களாகக் கருதப்படும். இறக்குமதி செய்யப்பட்ட வாகனங்களுக்கும் இது பொருந்தும்.

இங்குதான் முக்கியமான நிபந்தனை ஒன்று உள்ளது. சேஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமளவு மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. அதாவது, வயது மட்டும் போதாது. அடையாளமும் மாறாமல் இருக்க வேண்டும். கூரையை வெட்டித் திறந்த காராக்கிய 1960-களின் அம்பாசடரோ, புதிய எஞ்சின் பொருத்தப்பட்ட ஹெரால்டோ எவ்வளவு பழையதாக இருந்தாலும் இந்தத் தகுதியை இழக்க நேரிடும்.

புதிய பதிவுக்கு 20 ஆயிரம் ரூபாயும், மறுபதிவுக்கு 5 ஆயிரம் ரூபாயும் கட்டணமாக நிர்ணயிக்கப்பட்டுள்ளன. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். படிவம் 20-இல் விண்ணப்பித்து, காப்பீட்டுச் சான்று, பழைய பதிவுச் சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்யப்படும் வாகனங்களின் எண் பலகையில், மாநிலக் குறியீட்டை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். ஏற்கெனவே பதிவெண் உள்ளவர்கள் அதையே தக்கவைத்துக் கொள்ளலாம். அப்பா காலத்து எண்ணை இழக்க விரும்பாத குடும்பங்களுக்கு இது ஆறுதலான செய்தி.

எனினும், இந்தப் பதிவைப் பெற்ற காரில் தினமும் அலுவலகம் செல்ல முடியாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை.

உருமாற்றத்துக்கு எல்லை என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில், 2019-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியின்றி வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு 6 மாதங்கள் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அப்படியானால் எதுவுமே செய்யக் கூடாதா? அப்படியன்று. இருக்கை உறை, உட்புற அலங்காரம் போன்ற சிறு மாற்றங்களுக்குத் தடை இல்லை. வண்ணத்தை மாற்றினால் அதைப் பதிவுச் சான்றில் பதிய வேண்டும். எஞ்சினை மாற்ற, பதிவு அதிகாரியின் ஒப்புதல் தேவை. அங்கீகரிக்கப்பட்ட மின் மோட்டார் தொகுப்பைப் பொருத்தவும் சட்டம் வழிவகுக்கிறது. ஆனால், பழைய எஞ்சினை அகற்றியபின் 'வின்டேஜ்' தகுதியை எதிர்பார்க்க இயலாது.

முதலில் காகிதம், பிறகு ஸ்பேனர்:

பழைய காரை வாங்குவோர் எஞ்சின் இயங்குகிறதா என்றுதான் முதலில் கேட்கின்றனர். கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. காரில் பொறிக்கப்பட்ட சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்துடன் ஒத்துப்போகின்றனவா என்பதே அது. ஒரு காலத்தில் எரிபொருள் செலவைக் குறைக்கப் பெட்ரோல் அம்பாசடர்களில் டீசல் எஞ்சினைப் பொருத்துவது பரவலாக இருந்தது. அந்த மாற்றம் புத்தகத்தில் ஏறாமல் போயிருந்தால், அன்றைய உரிமையாளரின் சிக்கனம் இன்றைய உரிமையாளரின் சிக்கலாகிறது.

அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது துரு. ஒரு சிறு காந்தம் இதற்குப் போதும். தகடு இருக்க வேண்டிய இடத்தில் காந்தம் ஒட்டவில்லை எனில், அங்கே துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். அம்பாசடரும் பத்மினியும் தனிச் சட்டகம் இல்லாதவை. உடற்கூடே காரின் எடையைத் தாங்குகிறது. ஆகவே, அவற்றின் தரையும் கதவுக்குக் கீழுள்ள விளிம்பும் அரித்திருந்தால் அது அழகுக் குறை அன்று. காரின் முதுகெலும்பே நலிந்துவிட்டது என்பதாகும். சென்னையில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் அமைப்பு இதற்கு மாறானது. தனிச் சேஸின் மேல் உடற்பகுதிகள் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருப்பதால், பகுதி பகுதியாகக் கழற்றிச் சீர்படுத்துவது எளிது.

எந்த வரிசையில் தொடங்குவது?

கழற்றும் ஒவ்வொரு பொருளையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, பெயர் எழுதிய பைகளில் போட்டு வைப்பது இன்றியமையாதது. ஆறு மாதம் கழித்து அந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பதை நினைவு சொல்லாது, படம் சொல்லும்.

நெடுங்காலம் ஓடாத எஞ்சினை பேட்டரி இணைத்து உடனே சுழற்றக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் சிறிது எண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊறவிட்ட பிறகு கையால் மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். இல்லையெனில், பிஸ்டன் வளையங்கள் உடைந்து சிறிய வேலை பெரிய செலவாகிவிடும்.

எஞ்சினைவிட முதலில் பிரேக்கைச் சீர்படுத்துவதே முறை. ஓடாத கார் யாரையும் இடிக்காது. நிற்காத கார்தான் இடிக்கும். அக்காலக் கார்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் திரவச் சுற்றுதான் உண்டு. ஓரிடத்தில் கசிந்தாலும் முழு பிரேக்கும் செயலிழக்கும். ஆகவே, ரப்பர் பாகங்கள், குழாய்கள் அனைத்தையும் மாற்றுவதே பாதுகாப்பானது. அதன்பிறகு வயரிங், எஞ்சின், உடற்பகுதி, வண்ணம் என வேலை நகர வேண்டும். பளபளப்பைக் காணும் ஆசையில் வண்ணத்தை முதலில் பூசுவோர், மற்ற வேலைகளின்போது அதை அவர்களே கீறிவிடுவதுதான் நடக்கிறது.

இன்றைய பெட்ரோலும் அன்றைய எஞ்சினும்:

பழைய கார்களின் மறைமுகச் சிக்கல் எரிபொருளில் உள்ளது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல் மட்டுமே விற்கப்படுகிறது. மக்களின் உடல்நலத்துக்கு இது பெரும் நன்மை. ஆனால், பழைய எஞ்சின்களில் வால்வுக்கும் அது அமரும் இருக்கைக்கும் இடையே மெத்தைபோல் இருந்தது அந்த ஈயப் படிவுதான். எஞ்சின் தலைப்பகுதியைப் பிரிக்கும்போதே, லேத் பட்டறையில் கடினமாக்கப்பட்ட வால்வு இருக்கைகளைப் பொருத்திவிடுவது இதற்குத் தீர்வு.

பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுவது அடுத்த சவால். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கார்க் கேஸ்கெட்டுகளையும் சிதைக்கும். நெடுநாள் நிற்கும் காரின் டேங்க் உட்புறமாகத் துருப்பிடிக்கவும் அதுவே காரணமாகலாம். எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் பொருத்துவது, கார்பரேட்டர் ஜெட்டின் அளவைச் சரிபார்ப்பது, நீண்ட நாள் நிறுத்தும் முன் டேங்கை வடித்துவிடுவது ஆகியவை அவசியம். கசியும் பெட்ரோல் குழாய் என்பது பழுது மட்டுமன்று. வீட்டு முகப்பில் காத்திருக்கும் தீ.

வீட்டில் செய்யக் கூடாதவை:

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் செல்லக் கூடாது. உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்திய பின்னரே செல்ல வேண்டும். காலியான பெட்ரோல் டேங்கிலும் ஆவி தங்கியிருக்கும் என்பதால், அதை வெல்டிங் செய்வது வெடிவிபத்துக்கு வழிவகுக்கும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்க வாய்ப்புள்ளதால், அந்தத் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக் கூடும். அதை நீர் விட்டுத் தேய்ப்பதே நல்லது. இரு பொருட்களைக் கலந்து தெளிக்கும் நவீன வண்ணப்பூச்சுகளில் நுரையீரலைப் பாதிக்கும் வேதிப்பொருள் உள்ளது. அந்தப் பணியைத் தகுந்த வசதியுள்ள பெயின்டிங் கூடத்திடம் ஒப்படைப்பது, வேலை செய்பவருக்கும் குடும்பத்தினருக்கும் அண்டை வீட்டாருக்கும் நல்லது.

முடிவு உரிமையாளர் கையில்:

அம்பாசடரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பத்மினியும் ஹெரால்டும் அதற்கு முன்பே விடைபெற்றுவிட்டன. இனி புதிதாக ஒன்று வரப்போவதில்லை. இருக்கும் கார்களில் வெட்டப்படும் ஒவ்வொன்றும் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது. உருமாற்றம் செய்ய விரும்புவோர், மீட்க முடியாத அளவுக்குச் சிதைந்த காரையோ உதிரிப் பொருட்களையோ தேர்ந்தெடுத்து, அதைக் காட்சிப்பொருளாக உருவாக்கலாம். சேஸும் உடற்கூடும் எஞ்சினும் இன்னும் ஒன்றாக இருக்கும் காரை, அது பிறந்தபடியே மீட்டெடுப்பதுதான் சட்டப்படியும் மதிப்பின்படியும் பொருத்தமானது. கழற்றிய போல்ட்டைத் திரும்பப் பூட்டிவிடலாம். வெட்டிய தகட்டைப் பழையபடி ஆக்குவது கடினம் என்பது குறிப்பிடத்தக்கது.