எண்ணெயில்லா விளக்கும் இடமில்லா ஏடும்

நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அவர்களுள் ஐவர் கையில் விளக்கு இருந்தது, எண்ணெய்தான் இல்லை. நம் பள்ளி ஆண்டு விழாவன்று நமக்கும் அதே கதி நேர்ந்தது. கையில் காமிரா இருந்தது. அதற்கு உயிரும் இல்லை, படத்தை வைக்க இடமும் இல்லை.

31 ஆண்டுகள் நம் வகுப்பறைகளைக் கூட்டிப் பெருக்கி, அழுத குழந்தைகளின் கண்ணீரைத் துடைத்த ஆயா அம்மா அன்று ஓய்வு பெற்றார். மேடையில் அவருக்கு மாலை சூட்டிய வேளையில்தான் காமிரா கண்ணை மூடிக்கொண்டது. விழா முடிந்ததும், "கண்ணுகளா, என் போட்டோ நல்லா விழுந்திருக்கா?" என்று அவர் கேட்டார். நாம் தலைகுனிந்து நின்றோம்.

நடந்தது என்ன? மறுநாள் பொறுமையாக ஆராய்ந்தோம். அதில் கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் பாட்டரி. முந்தின இரவு முழுவதும் அதைச் சார்ஜரில் வைத்திருந்தோம். பின் ஏன் ஏறவில்லை? பழுதைத் தேடுவதற்கு ஒரு நல்ல முறை உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைச் செருகினோம். மாலையில் அதுவும் எரியவில்லை. பாதுகாப்புக்காக அந்த அறையின் மெயின் சுவிட்சை மாலையிலேயே நிறுத்திவிடுவது வழக்கமாம். வழக்கம் நல்லதே, கேட்டறியாதது நம் தவறு. சார்ஜரின் விளக்கு எரிகிறதா என்று ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

பிறகு பகலில் சரியாகச் சார்ஜ் செய்தோம். அப்போதும் இருபது படங்களுக்குள் பாட்டரி தீர்ந்தது. அதன் உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்தோம், பயனில்லை. அதே வகைப் பாட்டரி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டதும் காமிரா நன்றாக இயங்கியது. ஆகவே குற்றம் காமிராவில் இல்லை, மூப்படைந்த பாட்டரியில்தான்.

இத்தகைய லித்தியம் அயனிப் பாட்டரி 1991-இல் விற்பனைக்கு வந்தது. இதை உருவாக்க வழிகாட்டிய குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் மதுரைக்கு அருகே காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் பாட்டரி ஆராய்ச்சி நடைபெறுகிறது. அறிவியல் நமக்குத் தொலைவில் இல்லை!

பாட்டரிக்குள் லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று திரும்புகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் கொள்ளளவு சிறிது தேய்கிறது. பல நூறு முறை சார்ஜ் செய்தபின் அது தளர்வது இயற்கை. வெப்பம் அதன் பெரும் பகை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலோ சன்னலோரத்திலோ சார்ஜ் செய்தல் ஆகாது. நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் பாதியளவு சார்ஜுடன் நிழலான இடத்தில் வைக்க வேண்டும். முற்றிலும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால், உள்ளிருக்கும் காப்புச் சுற்று மீண்டும் சார்ஜ் ஏற விடாமல் தடுக்கக்கூடும். உப்பிய பாட்டரியை ஒருநாளும் சார்ஜ் செய்யாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் எறியாதீர்கள். மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

இனி மெமரி கார்டைப் பற்றிக் காண்போம். விழாவுக்கென்று 64 ஜி.பி. கார்டு ஒன்று புதிதாக வாங்கியிருந்தோம். பழைய மாணவி ஒருவர் அன்பளித்த நம் காமிராவோ அதைக் கண்டதும் 'கார்டில் பிழை' என்றது. கார்டை எடுத்துவிட்டு, காமிராவின் உள்நினைவை நம்பிப் படமெடுத்தோம். அது ஏறத்தாழ 30 எம்.பி. மட்டுமே. ஒரு படத்துக்கு 3 எம்.பி. என்றால் பத்துப் படங்களில் நிறைந்துவிடும் அல்லவா? பழைய படங்களை அவசர அவசரமாக அழித்துக்கொண்டிருந்தபோதுதான் பாட்டரியும் கைவிட்டது.

கார்டு பழுதன்று. 1999-இல் அறிமுகமான எஸ்.டி. கார்டு 2 ஜி.பி. வரை கொள்வது. 2006-இல் வந்த எஸ்.டி.ஹெச்.சி. 32 ஜி.பி. வரையிலும், 2009-இல் வந்த எஸ்.டி.எக்ஸ்.சி. அதற்கு மேல் 2 டி.பி. வரையிலும் கொள்ளும். மூன்றும் பார்வைக்கு ஒரே அளவு. ஆனால் பழைய காமிராவுக்குப் புதிய கார்டின் கணக்குமுறை புரியாது. எனவே வாங்குமுன் காமிராவின் கையேட்டைப் படிக்க வேண்டும். நம் காமிராவுக்கு உகந்தது 32 ஜி.பி. கார்டு, அதில் சுமார் பத்தாயிரம் படங்கள் அடங்கும்!

அந்தக் கார்டைக் கணினியில் பார்த்தால் ஏறத்தாழ 29.8 என்றே காட்டும். இது ஏமாற்று வேலையன்று. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கணினி 1024, 1024 ஆக எண்ணுகிறது. ஆனால் மலிவான போலிக் கார்டுகளும் உண்டு. மேலே பெரிய எண்ணை அச்சிட்டிருப்பார்கள். உள்ளே சிறிதளவே இடமிருக்கும். நிறைந்தபின் எடுக்கும் படங்கள் பாழாகிவிடும். எனவே நம்பிக்கையான கடையில் வாங்கி, விழாவுக்கு முன்பே சோதித்துப் பாருங்கள்.

'எழுத முடியவில்லை' என்று காமிரா சொன்னால் கார்டின் ஓரத்திலுள்ள சிறு பூட்டு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். படங்களை வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்த பின்னரே, காமிராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். தவறி அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேலும் படமெடுக்காதீர்கள், மீட்க வழியுண்டு.

1975-இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் காமிராவை உருவாக்கினார். அதன் எடை 3.6 கிலோ. 16 பாட்டரிகளால் இயங்கி, ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிக்க 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. அன்றும் இன்றும் காமிராவுக்கு வேண்டியவை இரண்டே: சக்தியும் இடமும்.

அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் புதுப் பாட்டரியோடும் சரியான கார்டோடும் செல்லூரில் ஆயா அம்மாவின் வீட்டுக்குச் சென்றோம். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கிடையே, அவர் விழாச் சேலையை மறுபடி உடுத்தி வாசலில் அமர்ந்தார். அந்தப் படம் இன்று அவர் வீட்டுச் சுவரில், வேளாங்கண்ணி மாதா படத்துக்கு அருகே தொங்குகிறது. ஆனால் மேடையும், மாலையும், நாம் அனைவரும் எழுந்து நின்று கைதட்டிய அந்த நிமிடமும் திரும்பி வரவில்லை.

அன்புத் தோழியரே, விழாவுக்கு முந்தின நாளே விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம்!