சொந்த நாட்டில் அயல் மாணவர்கள்

உயர்படிப்புக்காக வங்கக் கடலைக் கடந்து வரும் அந்தமான் மாணவர்களுக்கு இந்தியாவே ஒரு வெளிநாடு. பாஸ்போர்ட் மட்டும்தான் தேவையில்லை. வெளிநாட்டு மாணவருக்குக் கிடைக்கும் கவனிப்பும் இல்லை.

பிளஸ் டூ முடிவுகள் வெளியான சில வாரங்களில் போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகம் களைகட்டத் தொடங்கும். பெட்டி, படுக்கை, பிளாஸ்டிக் பக்கெட், ஊறுகாய் பாட்டில் சகிதம் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கப்பலேறுவார்கள். கரையில் நிற்கும் தாய்மார்களின் கண்கள் ஈரமாக இருக்கும். சென்னைக்குச் சுமார் 1,190 கி.மீ.; ஏறக்குறைய மூன்று நாள் பயணம். கொல்கத்தா இன்னும் சற்றுத் தூரம். பலருக்கு அதுதான் முதல் நீண்ட பயணம். ரயில் என்ற ஒன்றை நேரில் பார்ப்பதே கப்பலை விட்டு இறங்கிய பிறகுதான்.

இவர்கள் போகும் இடத்துக்குத் தீவுவாசிகள் வைத்திருக்கும் பெயர் 'மெயின்லேண்ட்'. சென்னையோ, புதுச்சேரியோ, பெங்களூரோ, விசாகப்பட்டினமோ, எல்லாமே மெயின்லேண்ட்தான். அந்தச் சொல்லில் மரியாதையும் இருக்கிறது, விலகலும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டது. ஆனால் ஊரின் பெயர் எதுவானாலும் கடலின் அகலம் மாறவில்லை.

நேபாளத்திலிருந்தோ தான்சானியாவிலிருந்தோ ஒரு மாணவர் இந்தியப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை வரவேற்க, விடுதி பார்த்துக் கொடுக்க, சந்தேகங்களைத் தீர்க்க ஓர் அலுவலகம் இருக்க வேண்டும் என்கிறது அரசின் கொள்கை. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் அவர்களுக்கென்று தனி அலுவலகம் அமைக்கப்படும் என்று 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதையே வலியுறுத்துகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கார் நிகோபாரிலிருந்து இரண்டு கப்பல் மாறிச் சென்னை வந்து சேரும் மாணவி இந்த ஏற்பாட்டுக்குள் வரமாட்டார். காரணம் எளிமையானது. அவர் இந்தியர்.

தீவிலேயே படிக்கலாமே?

படிக்கலாம். ஓரளவுக்கு. 1967-ல் போர்ட் பிளேரில் தொடங்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு ராஜ்கீய மகாவித்யாலயாதான் தீவுகளின் மூத்த கல்லூரி. வட பகுதி மாணவர்களுக்காக மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி 1990-ல் வந்தது. 1984-ல் பாலிடெக்னிக்காகத் தொடங்கிய நிறுவனம் இன்று அம்பேத்கர் பெயரில் பொறியியல் பட்டப் படிப்பும் நடத்துகிறது. ஆசிரியர் பயிற்சிக்குத் தாகூர் கல்லூரி உண்டு. 2015-ல் ஆண்டுக்கு 100 இடங்களுடன் மருத்துவக் கல்லூரியும் வந்தது. அதற்கு முன்பு தீவிலிருந்து ஒருவர் டாக்டராக வேண்டுமானால் மத்திய அரசு ஒதுக்கும் இடத்தைப் பிடித்து மெயின்லேண்ட் போவது ஒன்றே வழி.

2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம். எழுத்தறிவு 86 சதவிகிதத்துக்கு மேல். பள்ளிக் கல்வியில் பல மாநிலங்களை முந்தும் தீவுகள், கல்லூரி என்று வரும்போது மூச்சு வாங்குகின்றன. விரும்பிய பாடப்பிரிவு இல்லை. இருந்தால் இடம் இல்லை. இந்தக் கல்லூரிகள் பல்லாண்டுகளாகப் பட்டம் வழங்கி வந்திருப்பதும் கடலுக்கு அப்பாலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான். பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பார்க்க வேண்டியிருந்தது. தீவுகளுக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததில் ஆச்சரியமில்லை.

என்.ஐ.டி. போன்ற மத்தியக் கல்வி நிறுவனங்களில் வடகிழக்கு மாநிலங்களுக்கும் சில யூனியன் பிரதேசங்களுக்கும் தனி இட ஒதுக்கீடு உண்டு. அந்தமானும் அதில் அடக்கம். இடம் தரும் அரசு அத்தோடு கடமை முடிந்ததாக நினைக்கிறது. மாணவருக்கோ கஷ்டம் அப்போதுதான் தொடங்குகிறது.

கப்பல் வைத்ததே காலண்டர்

மதுரைப் பையன் சென்னையில் படித்தால் வெள்ளி இரவு பஸ் ஏறி, திங்கள் காலை வகுப்புக்குத் திரும்பிவிடலாம். போர்ட் பிளேர் பையனுக்கு நான்கு நாள் பொங்கல் விடுமுறை என்பது விடுதி அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். போக மூன்று நாள், வர மூன்று நாள் என்றால் விடுமுறையே பயணத்தில் கரைந்துவிடும். கப்பலும் தினசரி கிடையாது. மாதத்தில் சில தடவைகளே. ஒரு கப்பல் பராமரிப்புக்குப் போய்விட்டால் அதுவும் குறையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் வேறு.

விமானத்தில் சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் மாணவர்கள் ஊருக்குப் போக நினைக்கும் அதே மே மாதத்திலும் டிசம்பரிலும்தான் சுற்றுலாப் பயணிகளும் அந்தமானுக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். கட்டணம் வானத்தில் பறக்கும். தீவுவாசி அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கப்பலில் சலுகைக் கட்டணம் உண்டு என்பதால் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கதி கப்பலின் 'பங்க்' வகுப்புதான்.

நிகோபார் மாணவர்களுக்குப் பயணம் இரண்டு கட்டம். கார் நிகோபாரிலிருந்து போர்ட் பிளேர் வருவதற்கே சுமார் 270 கி.மீ. கடல், தென்கோடி கேம்பல் பேயிலிருந்து அதைப்போல இரு மடங்கு. அங்கே காத்திருந்து மெயின்லேண்ட் கப்பலைப் பிடிக்க வேண்டும். கல்லூரி திறக்கும் நாளை அறிவிக்கும் முதல்வருக்கு இந்தக் கணக்கு தெரியாது. தாமதமாக வந்தால் அபராதம், வருகைப் பதிவில் வெட்டு.

ஆபத்துக் காலத்தில்தான் தூரத்தின் முழு அர்த்தம் புரியும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி நிகோபார் தீவுகளைச் சிதைத்தது. தகவல் தொடர்பு அறுந்துபோனது. வீட்டில் யார் உயிருடன் இருக்கிறார்கள் என்று தெரியாமல் மெயின்லேண்டில் இருந்தவர்கள் நாள்கணக்கில் தவித்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது வேறு விதமான சோதனை. கல்லூரிகள் இழுத்து மூடப்பட்டன, விமானங்கள் நின்றன. ஊர் போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஆன்லைன் வகுப்பு. ஆனால் தீவுகளின் இன்டர்நெட் அப்போது செயற்கைக்கோளை நம்பியிருந்தது. சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்குப் போடப்பட்ட கேபிள் இயங்கத் தொடங்கியது அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்றுதான்.

எந்த ஊர் உனக்கு?

விடுதியில் கேட்கப்படும் முதல் கேள்வி இது. அந்தமான் என்றதும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: அங்கே ஆதிவாசிகள்தானே இருக்கிறார்கள்? அதற்கடுத்தது செல்லுலர் சிறை. போர்ட் பிளேரின் மாணவருக்கு இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிடும்.

தமிழ் மாணவர்களின் நிலை இன்னும் விசித்திரம். தீவுகளில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். தமிழ் வழிப் பள்ளிகளும் உண்டு. பிழைப்புத் தேடிப் போனவர்கள், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள், 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள், கிரேட் நிகோபாரில் நிலம் பெற்ற முன்னாள் ராணுவத்தினர் என்று பல வழிகளில் போய்ச் சேர்ந்த குடும்பங்கள். வீட்டில் தமிழ், தெருவில் அந்தமான் ஹிந்தி என்று வளர்ந்த பிள்ளை சென்னையில் வாயைத் திறந்தால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். தீவில் தமிழர்; தமிழ்நாட்டில் அந்தமான்காரர்.

கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம். சான்றிதழ் விஷயம் அப்படியல்ல. அந்தமானில் பட்டியல் சாதியினர் என்று அறிவிக்கப்பட்ட பிரிவே கிடையாது. அங்குள்ள இதர பிற்பட்டோர் பட்டியலில் 1942-க்கு முன்பு குடியேறியவர்கள், கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள், மாப்பிள்ளைகள், கரென் மக்கள், பாந்துக்கள் போன்றோர் இருக்கிறார்கள். பிற்பாடு வந்த தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் அந்த வரையறைக்கு வெளியே. தாத்தா ராமநாதபுரத்தில் பெற்றிருந்த சலுகை பேரனுக்குத் தீவில் இல்லை. பூர்வீகத்தை நிரூபிக்கும் பழைய காகிதம் கையில் இல்லாவிட்டால் தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கிலும் அவர் 'பிற மாநிலத்தவர்'.

பட்டம் கையில், கப்பல் எங்கே?

நான்கு ஆண்டு ஓடிவிடும். அடுத்து வேலை. மெயின்லேண்ட் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவுக்குத் தெரிந்ததெல்லாம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள். அவை ஆள் எடுப்பது சென்னைக்கும் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும். தீவில் என்ன வேலை காலியிருக்கிறது என்று அங்கே எவருக்கும் தெரியாது. தீவின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கோ, தன் பிள்ளைகள் மெயின்லேண்டில் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டறியும் வழக்கம் கிடையாது. நடுவில் கடல் மட்டுமல்ல, மௌனமும் இருக்கிறது.

விளைவு, இரண்டே பாதைகள். மெயின்லேண்டிலேயே தங்கிவிடுவது, அல்லது திரும்பிப்போய் அரசு வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பது. பெரிய தொழிற்சாலைகள் இல்லாத தீவுகளில் வேலை என்றால் பெற்றோரைப் பொறுத்தவரை அரசு வேலைதான். அதிலும் உயர் பதவிகள் எட்டாத உயரத்தில். தீவுகளின் பெயரையும் தாங்கிய சிவில் பணிக்கு ஆள் எடுப்பது யு.பி.எஸ்.சி.யின் அகில இந்தியத் தேர்வு. முதல்நிலைத் தேர்வைப் போர்ட் பிளேரிலேயே எழுதலாம். தேறினால் முதன்மைத் தேர்வுக்குக் கடல் தாண்ட வேண்டும். பயிற்சி மையத்தில் சேர்வதென்றாலும் அதே கதை.

இத்தனைக்கும் வேலைக்கான களம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. போர்ட் பிளேரில் 1978 முதல் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் செயல்படுகிறது. கடல் தொழில்நுட்ப மையம், மீன்வள ஆய்வு, விலங்கியல், தாவரவியல் ஆய்வுத் துறைகளின் அலுவலகங்கள் எல்லாம் உண்டு. புரூக்ஷாபாதில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழக வளாகத்தில் கடல் உயிரியல் படிக்க மெயின்லேண்டிலிருந்து மாணவர்கள் எதிர்த்திசையில் கடல் கடந்து வருகிறார்கள். அவர்களுக்குப் பவழப் பாறைகளும் அலையாத்திக் காடுகளும் ஓர் ஆய்வுக்கூடம். அந்தப் பாறைகளின் மேல் நீந்தி வளர்ந்த தீவுப் பிள்ளை, கடலே இல்லாத ஊரில் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறான். இங்கே இப்படி ஒரு வழி இருக்கிறது என்று பள்ளியில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

கேள்வி இனி இன்னும் கூர்மையாகும். கிரேட் நிகோபாரில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், புதிய நகரம் என்று சுமார் 72,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. காடும் பழங்குடியினர் நிலமும் பறிபோகும் என்ற எதிர்ப்பு கடுமையாக இருக்கிறது. ஆதரிப்பவர்கள் எடுத்து வைக்கும் முக்கிய வாதங்களில் ஒன்று வேலைவாய்ப்பு. துறைமுக நிர்வாகம், கடல்சார் பொறியியல், சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றில் தீவு இளைஞர்களை இப்போதே பயிற்றுவிக்காவிட்டால் அந்த வேலைகளும் கப்பலில் வந்து இறங்குபவர்களுக்கே போகும்.

செலவில்லாத வைத்தியம்

இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை. சென்னையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் அந்தமான் நிர்வாகத்துக்கு விருந்தினர் இல்லங்கள் உள்ளன. அதிகாரிகள் தங்கும் அந்தக் கட்டடங்களில் மாணவர்களுக்காக ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, பொறுப்பான ஓர் ஊழியர் போதும். எந்தக் கல்லூரியில் யார் படிக்கிறார்கள் என்ற பட்டியல், கப்பல் புறப்படும் தேதிகள், உதவித்தொகை விவரம், தீவில் உள்ள காலியிடங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மே மாதக் கப்பலில் மாணவர்களுக்கென்று சில படுக்கைகளை ஒதுக்கலாம். கல்லூரிகள் தங்கள் பங்குக்கு, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் கதவைத் தீவு மாணவர்களுக்கும் திறந்துவிடலாம். விடுமுறையில் விடுதியை மூடாமல் இருக்கலாம். கப்பல் தாமதத்துக்கு வருகைப் பதிவில் விலக்கு தரலாம். லட்சத்தீவு மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

வெளிநாட்டு மாணவர்களை ஈர்க்க 2018 முதல் தனித் திட்டமே போட்டு விளம்பரம் செய்கிறது இந்தியா. அவர்கள் வரட்டும். கூடவே, ஒவ்வொரு ஆண்டும் விளம்பரம் எதுவும் இல்லாமலே கடல் கடந்து வரும் இந்தியப் பிள்ளைகளுக்காகவும் துறைமுக வாசலில் ஒருவர் பெயர்ப் பலகையோடு நின்றால் போதும். மூன்று நாள் கடலைத் தாண்டி வந்தவர்கள் மீதி வழியைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.