தாய்வழியிலும் பிரஜாவுரிமை

பாட்டனோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருந்தால், வேறு நாட்டில் பிறந்த பேரப்பிள்ளையும் பதிவு செய்து அந்நாட்டுப் பிரஜையாகலாம். நமது நாட்டில் எப்படி?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இங்கே பிறந்தவர், தன் தந்தை இங்கே பிறந்தார் என்றோ, தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்தார்கள் என்றோ காட்ட வேண்டும். அப்படிக் காட்ட முடியாத மலையக மக்கள் பல இலட்சம் பேர் நாடற்றவரானார்கள்.

பின்னர் பிறந்தவர்களுக்கும் தந்தைவழிதான். மணமான பெண்ணால் தன் பிரஜாவுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியவில்லை. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை மாற்றியது. இன்று பிள்ளை பிறக்கும்போது உம்மா, வாப்பா இருவரில் ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும்.

வெளிநாட்டில் பிறந்தால் இன்னொரு நிபந்தனை உண்டு. ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்திலோ, இலங்கையிலோ பிறப்பைப் பதிய வேண்டும். காலம் கடந்தால் தகுந்த காரணம் காட்டி அமைச்சரின் அனுமதி பெற வேண்டும்.

கற்பிட்டி முதல் சிலாபம் வரை நமது கரையோர வீடுகளிலிருந்து பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கிறார்கள். என் சாச்சியின் மகள் குவைத்தில் பிறந்தவள், சாச்சா இந்தியர். எட்டாம் மாதமே சாச்சி தூதரகத்தில் பதிந்துவிட்டார். அந்தப் பத்திரம் இருந்ததால் அவளை இங்கே பாடசாலையில் சேர்க்கவும், பதினைந்து வயதில் அடையாள அட்டை எடுக்கவும் சிரமமிருக்கவில்லை.

வெளிநாட்டிலுள்ள உறவினருக்குப் பிள்ளை கிடைத்தால், “என்ன பெயர் வைத்தீர்கள்?” என்று கேட்கும்போதே, “பதிந்தாயிற்றா?” என்றும் கேளுங்கள்.