ஜெர்மன் துணைத்தொடரும் தமிழ்ச் சொல்வரிசையும்: வினையின் இடம் குறித்த விளக்கம்

பாளையங்கோட்டையில் 1820 முதல் சமயப்பணி ஆற்றிய ஜெர்மானியர் ரேனியஸ், தமிழுக்கு ஓர் இலக்கணத்தை ஆங்கிலத்தில் எழுதினார். இன்று சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் மாணவர் ஜெர்மன் கற்கப் புகும்போதும் இடைநிற்கும் மொழி பெரும்பாலும் ஆங்கிலமே. அதனால் தமிழுக்கு அணுக்கமான ஒரு கூறு அயலானதாகத் தோன்றுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

'அன்கொமன்' என்பது வந்துசேர்தலைக் குறிக்கும் ஜெர்மன் வினை. இதில் 'அன்' பிரியும் முன்னொட்டு. வண்டி ஒன்பது மணிக்குச் சங்கரன்கோவிலுக்கு வந்துசேர்கிறது என்பதை முதன்மைத்தொடராகக் கூறினால், 'டெர் ட்சூக் கொம்ட் உம் நொய்ன் ஊர் இன் சங்கரன்கோவில் அன்' என வரும். வினைமுற்று இரண்டாம் இடத்தில் நிற்க, முன்னொட்டு தொடரின் இறுதியில் தங்குகிறது.

இதுவே துணைத்தொடராயின், 'டாஸ் டெர் ட்சூக் உம் நொய்ன் ஊர் இன் சங்கரன்கோவில் அன்கொம்ட்' என அமையும். பிரிந்த இரண்டும் இறுதியில் ஒன்றுசேர்கின்றன. 'வண்டி ஒன்பது மணிக்குச் சங்கரன்கோவிலுக்கு வந்துசேர்கிறது என்று' எனும் தமிழ்த்தொடரிலும் எழுவாய், காலம், இடம், வினை என்ற அதே வரிசையைக் காணலாம். 'என்று' இறுதியில் வர, அதன் நிகரான 'டாஸ்' முதலில் வருவதே இங்குப் புலப்படும் முதன்மையான வேறுபாடு.

ஆங்கிலவழி விளக்கங்கள், துணைத்தொடரில் வினை இறுதிக்குத் தள்ளப்படுவதாகக் கூறுவது வழக்கம். ஆனால் எமன் பாக் (1962), மன்ஃபிரட் பியர்விஷ் (1963) ஆகியோர் வினை இறுதியில் நிற்பதையே அடிப்படையாகக் கொண்டு, முதன்மைத்தொடரில் அது முன்னகர்வதாக விளக்கினர். இந்நோக்கில், இறுதியில் தங்கிய முன்னொட்டு வினை புறப்பட்ட இடத்தைக் காட்டும் சான்றாகிறது.

இவ்வொப்புமைக்கு எல்லையும் உண்டு. தமிழில் துணைத்தொடர்கள் பெரும்பாலும் எச்சவினையால் முடிகின்றன. 'டாஸ்' முதலியவற்றால் தொடங்கும் ஜெர்மன் துணைத்தொடர்கள் முற்றுவினையால் முடிகின்றன. 'வந்தே சேர்ந்தது' எனத் தமிழ்க் கூட்டுவினையின் இடையே இடைச்சொல் புகலாம். ஆயினும் அதன் இறுதி உறுப்பு எழுவாயை அடுத்து முன்னே சென்று நிற்பதில்லை.

ஆகவே தமிழ் மாணவர்க்குத் துணைத்தொடரின் வரிசையை முதலில் காட்டி, முதன்மைத்தொடரில் வினை முன்செல்வதைத் தனிவிதியாகப் பயிற்றுவது பொருத்தமாகும். அவ்வாறு பயில்வோர் புதிதாகக் கற்கவேண்டியது வினையின் இறுதிநிலையை அன்று. அதன் முன்னகர்வையே ஆகும்.