மணல் விளையாது, மலை முளைக்காது!



மணல் எதற்கு என்று கேட்டால் நாம எல்லாரும் "வீடு கட்ட" என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் மணலை பூமிக்குள்ளே இறக்குகிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஒண்ணும் புரியல. அறிவியல் டீச்சரிடம் கேட்டு, புரிஞ்சதை இங்கே எழுதியிருக்கிறேன்.

பூமிக்குள்ளே மணல் எதற்கு?

பூமிக்கு அடியில் ரொம்ப ஆழத்தில் ஷேல் என்ற களிப்பாறை இருக்கிறது. அதற்குள் எண்ணெயும் எரிவாயுவும் அடைபட்டுக் கிடக்கும், வெளியே வர வழி இல்லை. அதனால் ஆழமாகத் துளை போட்டு, தண்ணீர், மணல், கொஞ்சம் ரசாயனம் மூன்றையும் கலந்து பயங்கர அழுத்தத்தில் செலுத்துவார்கள். பாறையில் விரிசல் விடும். இதுக்குப் பேர்தான் ஃபிராக்கிங். அழுத்தத்தை நிறுத்தினதும் விரிசல் மூடிக்கொள்ளப் பார்க்கும். உள்ளே போன மணல்தான் முட்டுக்கொடுத்து அதைத் திறந்து வைக்கும்.

ஒரு டம்ளர் நிறைய கோலிக்குண்டு போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சந்து வழியாக அடி வரைக்கும் இறங்கிவிடும். மணல் உருண்டையாக இருந்தால் எரிவாயுவும் இப்படித்தான் சந்து வழியாக வரும். பாறை அழுத்தும்போது மணல் நொறுங்கவும் கூடாது. வீடு கட்ட முனை உள்ள மணல்தான் நல்லது, சிமெண்டைப் பிடிச்சுக்கும். அவர்களுக்கு வேண்டியது நேர் எதிர்!

ஒரு கிணற்றுக்கு ஆயிரக்கணக்கான டன் மணல் வேண்டும். 5,000 டன் என்று வைத்துக்கொண்டால், 10 டன் லாரியில் 500 லோடு!

மலை எங்கே போச்சு?

இந்த உருண்டை மணல் அதிகம் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்குப் பகுதியில். சுமார் 50 கோடி வருடத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. அலை உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய மணல்தான் பிறகு மணற்பாறைக் குன்றுகள் ஆனது. 2010-க்குப் பிறகு சில வருடங்களிலேயே அங்கே நூற்றுக்கு மேல் குவாரிகளும் மணல் ஆலைகளும் வந்துவிட்டன. விவசாயிகள் சிலர் நல்ல விலைக்கு நிலத்தைக் கொடுத்தார்கள். வேலையும் கிடைத்தது. இதையும் மறைக்கக் கூடாது.

ஆனால் பாதிப்புகள்?

1. நிலம்: மரத்தை வெட்டி, மேல்மண்ணை வழித்துவிட்டுத்தான் மணலை எடுக்க முடியும். குழியைச் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. புல் வளரும், குன்று வராது.

2. தண்ணீர்: மணலைக் கழுவ ஏராளமான தண்ணீர் வேண்டும். கழுவிய சேற்றுத் தண்ணீரைக் குட்டைகளில் தேக்குவார்கள். 2018 மே மாதம் ஒரு குவாரியில் புல்டோசரோடு ஒரு தொழிலாளி குட்டைக்குள் மாட்டிக்கொண்டார். அவரைக் காப்பாற்றத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. அவர் பிழைத்தார். ஆனால் செம்மண் நிறச் சேறு ட்ரெம்பலோ ஆற்றில் கலந்தது.

3. தூசி: இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மணலில் இருப்பது சிலிக்கா. அதன் நுண்தூசி கண்ணுக்கே தெரியாது. மூச்சோடு போய் நுரையீரலில் தங்கிவிட்டால் சிலிக்கோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் 11 ஃபிராக்கிங் இடங்களில் 116 காற்று மாதிரி எடுத்தார்கள். அதில் 47 சதவீதத்தில் சட்டம் அனுமதித்த அளவைவிடத் தூசி அதிகம் என்று 2012-ல் எச்சரித்தார்கள்.

நம்ம நாட்டிலும் இந்த நோய் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் பகுதியில் சிலேட்டுக் குச்சி செய்த தொழிலாளர்கள் பலருக்கு இது வந்தது. ஒண்ணாம் வகுப்பில் நாம பிடிச்சு எழுதின குச்சி!

பிறகு என்ன ஆச்சு?

2018 வாக்கில் டெக்சாஸில் எண்ணெய்க் கிணறுகளுக்குப் பக்கத்திலேயே மணல் எடுக்க ஆரம்பித்தார்கள். அது மலிவு. விஸ்கான்சினில் நிறையக் குவாரிகள் மூடப்பட்டன. வேலையும் போச்சு, குன்றும் போச்சு.

ஆனால் பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் வினோனா மாவட்ட மக்கள் முன்னாடியே யோசித்தார்கள். கட்டட வேலைக்கு மணல் எடுக்கலாம், ஃபிராக்கிங்குக்கு எடுக்கக் கூடாது என்று 2016-ல் அந்த மாவட்டம் தடை போட்டது. ஒரு கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 2020-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது.

கிணறு ஒரு ஊரில், குழி வேற ஊரில். எரிவாயுவை எரிக்கிறவர்களுக்கு அந்தக் குழி தெரியவே தெரியாது. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, அங்கே இப்போ என்ன இருக்கு என்று நாமும் கேட்டுப் பழகுவோம்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி